தீனிக்கு முன்னால் தண்ணீர்

வீட்டுத் தோட்டத்துக்குப் பறவைகள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன தீனி போடணும்?" என்றுதான். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பல வருஷமாகப் பறவை பார்த்து வருகிறேன். நான் கண்ட வரிசை வேறு: முதலில் தண்ணீர், அடுத்து இடம், அப்புறம்தான் தீனி.

தண்ணீர்

வாய் அகன்ற மண்சட்டி போதும். இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நடுவில் ஒரு கூழாங்கல் வைத்தால் சின்னக் குருவிகள் அதில் நின்று குடிக்கும். சட்டி நிழலில் இருக்கட்டும். ஆனால் புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கிவிடும், சில அடி தள்ளி வையுங்கள். தினமும் தென்னை நாரால் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றினால் கொசுவும் நோயும் அண்டாது.

அக்னி நட்சத்திர மதியங்களில் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தத்தித் தத்தி வரும். ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் காவலுக்கு உட்காரும். மற்றவை சட்டிக்குள் நெஞ்சை அமிழ்த்திச் சிறகடித்துக் குளிக்கும். பிறகு கிளையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை ஒன்று கோதிவிடும். தீனித் தட்டில் இந்தக் காட்சி கிடைக்காது.

இடம்

மாமரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காதீர்கள். அக்டோபர் வாக்கில் ஆறுமணிக்குருவி வந்து இறங்குவது அங்கேதான். பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, அடிவயிற்றில் சிவப்பு, குட்டை வால். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை அது. ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் புழு பொறுக்கும்.

செடிக்குப் பூச்சிமருந்தும் வேண்டாம். தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் ஊட்டும். செம்பருத்தியும் முருங்கையும் பூத்தால் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலை பழுத்தால் கொண்டைக்குருவி வரும்.

நம் மாவட்டத்தில் பறவைக்கு இடம் விட்டுவைப்பதை ஊராகவே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர் மக்கள் கோயிலைச் சுற்றிய மருத மரங்களையும் இலுப்பை மரங்களையும் நாரைக்கும் கொக்குக்கும் விட்டுவைத்தார்கள். 2005-இல் அந்த இடம் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1994-இல் சரணாலயமான கூந்தன்குளத்தில், நாரைகள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டும். மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இரண்டு ஊரிலும் யாரும் தீனித் தட்டு வைத்துப் பறவையை வரவழைக்கவில்லை. மரத்தையும் அமைதியையும் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான்.

தீனி

காலையில் ஒரு கைப்பிடி நொய்யரிசி, கம்பு, தினை போதும். அள்ளிக் கொட்டினால் புறாவும் காக்கையும் ஆக்கிரமித்துக்கொள்ளும், சின்னதுகள் ஒதுங்கிவிடும். மிச்சத்தைச் சாயங்காலமே கூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும். காராச்சேவு, ரொட்டி, உப்புப் போட்ட பண்டம் எதுவும் கூடாது. பிசான அறுப்பு முடிந்ததும் நெற்கதிரைக் கொத்தாகக் கட்டி வாசலில் தொங்கவிடும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். சிட்டுக்குருவிக்கு அதைவிட நல்ல தட்டு இல்லை.

குறிப்பேடு

பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். எது எந்த மாதம் வருகிறது, எது வராமல் போனது என்பது எழுதினால்தான் தெரியும். தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் ஜனவரி தோறும் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழகமெங்கும் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு வீட்டுத் தோட்டமே போதும். கால் மணி நேரம் உட்கார்ந்து, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தால் உங்கள் கொல்லையும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். வருகிற பொங்கலுக்குள் மண்சட்டியை வைத்துவிடுங்கள்.