நாற்றுக்குக் காவலாகும் வேர்ப்பூசணம்

இமயமலைச் சாரலில் வளரும் சீர் பைன் மரத்தின் நாற்றுகள், சிலவகைப் பூசணங்கள் வேரில் கூடினாலன்றிச் செழிப்பதில்லை. இக்கூட்டுறவுக்கு 1885-இல் ‘மைக்கோரைசா’ எனப் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க். பூசண இழைகள் நுனிவேரைப் போர்வைபோல் சூழ்ந்து, மண்ணிலுள்ள மணிச்சத்தைத் திரட்டித் தருகின்றன. வேரழுகல் கிருமிகள் உட்புகுவதையும் தடுக்கின்றன. பைட்டாப்தோரா கிருமியால் இப்போர்வையைக் கடக்க இயலவில்லை என்பதை அமெரிக்க அறிஞர் டொனால்டு மார்க்ஸின் ஆய்வுகள் காட்டின.

ஆயினும், முளைத்த சில நாட்களிலேயே தாக்கும் நாற்றழுகலுக்கு இது மருந்தன்று. போர்வை உருவாகச் சில வாரங்களாகும். அதுவரை நல்ல வடிகாலும் அளவான நீருமே காப்பு.

முதிர்ந்த பைன் மரத்தடி மண்ணைப் பாத்தியில் கலப்பது செலவு குறைந்த பழைய முறை. அம்மண்ணோடு நோய்க்கிருமிகளும் வந்து சேரலாம் என்பதால், விலை கூடினும் ஆய்வுக்கூடத்தில் தூய்மையாக வளர்த்த பூசணமே விரும்பத்தக்கது. மணிச்சத்து உரத்தை மிகையாக இடும் நாற்றங்கால்களில் பல பூசணங்கள் வேரில் நன்கு படிவதில்லை.