உங்கள் சிகிச்சையாளர் பதிவு பெற்றவரா?

மூத்தோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும்

நீங்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். வீட்டுக்கே வந்து காலுக்குப் பயிற்சி கொடுப்பார், கட்டணமும் குறைவு" என்று அண்டைவீட்டார் சொல்கிறார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனாலும், அந்த நபரை வரச்சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் பதிவு பெற்ற சிகிச்சையாளரா?

இது ஏன் முக்கியம்?

தவறான பயிற்சி, பயிற்சியே செய்யாததைவிட அதிகத் தீங்கு விளைவிக்கலாம்.

• செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தப்பட்ட சிலர், தொடக்க வாரங்களில் தாழ்வான நாற்காலியில் உட்காரக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது. மீறினால் மூட்டு நழுவக்கூடும். அறுவை சிகிச்சை செய்த காலில் எவ்வளவு எடையை ஊன்றலாம் என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

• பக்கவாதத்திற்குப் பிறகு சிலருக்கு விழுங்குவது சிரமமாகிவிடும். உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் கிருமித்தொற்று ஏற்படலாம். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. வெளியே ஒன்றும் தெரியாததால், பயிற்சி பெற்றவர்தான் இதைக் கண்டறிய முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் இணை சுகாதாரத் தொழில்கள் சட்டம் 2011ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2013ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. மருத்துவர், தாதியர் தவிர நம் சிகிச்சையில் பங்குபெறும் நிபுணர்களுக்கான சட்டம் இது. முதலில் மூன்று தொழில்கள் இதன்கீழ் கொண்டுவரப்பட்டன:

• உடலியக்கச் சிகிச்சையாளர் (பிசியோதெரபிஸ்ட்): எழுந்து நிற்கவும், நடக்கவும், தசை வலுவை மீட்கவும் உதவுபவர்.

• செயல்முறைச் சிகிச்சையாளர்: குளிப்பது, உடுத்துவது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் செய்யக் கற்றுத்தருபவர். குளியலறையில் கைப்பிடியை எங்கே பொருத்தலாம் என்பதையும் சொல்வார்.

• பேச்சுச் சிகிச்சையாளர்: பேசுவதிலும் விழுங்குவதிலும் உள்ள சிரமங்களைக் கவனிப்பவர்.

இத்தொழில்களைச் செய்பவர், இணை சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். செல்லுபடியாகும் தொழில்புரியும் சான்றிதழும் அவரிடம் இருக்கவேண்டும். பதிவு பெறாமலேயே தம்மை இத்தகைய சிகிச்சையாளர் என்று கூறிக்கொள்வது சட்டப்படி குற்றம்.

பதிவு பெற என்ன தேவை?

முதலில், மன்றம் ஏற்றுக்கொள்ளும் கல்வித் தகுதி வேண்டும். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் உடலியக்கச் சிகிச்சைக்கான பட்டக்கல்வி வழங்கப்படுகிறது. மாணவர்கள் வகுப்பில் படிப்பதோடு, மருத்துவமனைகளிலும் மேற்பார்வையின்கீழ் பயிற்சி பெறுகிறார்கள். வாரயிறுதி வகுப்புக்குப் போய்ப் பெறும் சான்றிதழ் இதற்கு ஈடாகாது.

பதிவில் சில வகைகள் உண்டு. முழுப் பதிவு பெற்றவர் தாமே பொறுப்பேற்றுப் பணியாற்றலாம். நிபந்தனையுடன் பதிவு பெற்றவர், முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் பணியாற்றவேண்டும். உங்கள் சிகிச்சையாளர் நிபந்தனையுடன் பதிவு பெற்றவர் என்றால் கவலைப்படவேண்டாம். அவரை மேற்பார்வையிடுபவர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்படிச் சரிபார்ப்பது?

1. அவருடைய முழுப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. மன்றத்தின் இணையத்தளத்தில் உள்ள பொதுப் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. இணையம் பழக்கமில்லை என்றால் பிள்ளைகளிடமோ பேரப்பிள்ளைகளிடமோ சொல்லுங்கள்.

3. பதிவின் வகையையும் சான்றிதழ் முடியும் தேதியையும் பாருங்கள்.

4. பெயர் இல்லையென்றால் எழுத்துகள் சரியா என்று அவரிடமே மீண்டும் கேளுங்கள். அதன்பிறகும் இல்லையென்றால் சிகிச்சையைத் தொடங்கவேண்டாம்.

"வீட்டுக்கு வந்தவரிடம் இதையெல்லாம் கேட்பது மரியாதையா?" என்று நீங்கள் தயங்கலாம். தயங்கவேண்டாம். முறையாகப் பதிவு பெற்றவர் இந்தக் கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். மழுப்பினாலோ கோபப்பட்டாலோ எச்சரிக்கையாக இருங்கள்.

உடம்பு பிடித்துவிடுபவர்கள், சீன மருத்துவர்கள்?

உடம்பு பிடித்துவிடுபவர், உடலியக்கச் சிகிச்சையாளர் அல்லர். பாரம்பரிய சீன மருத்துவர்களுக்குத் தனிச் சட்டமும் தனிப் பதிவேடும் உண்டு. அவர்களிடம் செல்வது உங்கள் விருப்பம். ஆனால் அண்மையில் எலும்பு முறிவோ, அறுவை சிகிச்சையோ, பக்கவாதமோ ஏற்பட்டிருந்தால் முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

• பலதுறை மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம், சிகிச்சையாளரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

• மருத்துவமனையில் தந்த குறிப்புகளை வீட்டுக்கு வரும் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

• பயிற்சியின்போது வலி கூடினாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள்.

• பதிவு பெற்றவரின் நடத்தையில் குறை இருந்தால் மன்றத்திடம் எழுத்து மூலம் புகார் செய்யலாம்.

மீண்டும் எழுந்து நடப்பதற்கு உங்கள் முயற்சி வேண்டும். சரியான வழிகாட்டுதலும் வேண்டும். ஒரு பெயரைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும்.