பால் காய்ச்சும் பாத்திரமும் பச்சிளம் ஈரலும்



ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிறு உப்பும், பசி குறையும், சிடுசிடுவென்று அழும். ஈரல் கல்லைப்போல் கெட்டிப்படும். பிறகு காமாலை, வயிற்றில் நீர், மரணம். 'இந்தியக் குழந்தை ஈரல் நோய்' என்று டாக்டர்கள் பெயரிட்ட இந்நோய், ஒரே வீட்டில் இரண்டு மூன்று குழந்தைகளைக்கூடக் கொண்டுபோனதுண்டு. "தாய்ப்பால் சேரலை", "ஜாதக தோஷம்" என்று பழி முழுவதும் தாயின்மேல் விழுந்தது.

உண்மைக் காரணம் என்ன? புனே நகர மருத்துவர்கள் பவே, பண்டிட் ஆகியோரும் இங்கிலாந்து மருத்துவர் டானரும் இதை ஆராய்ந்தார்கள். நோயுற்ற குழந்தைகளின் ஈரலில் செம்புச் சத்து இயல்பைவிடப் பல மடங்கு சேர்ந்திருந்தது. அக்குழந்தைகளில் பலருக்குச் சீக்கிரமே தாய்ப்பாலை விட்டு, பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த மாட்டுப்பால் கொடுக்கப்பட்டிருந்தது. 1983இல் இந்த முடிவுகள் வெளியாயின.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. ஈயம் பூசாத பித்தளையில் பாலைக் காய்ச்சி வைத்தால் செம்பு பாலில் இறங்கும். பாலிலுள்ள புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். அதிகப்படியான செம்பை வெளியேற்றும் சக்தி பச்சிளம் ஈரலுக்குக் குறைவு.

"எங்க பாட்டி காலத்துலேர்ந்து பித்தளைதானே, நாங்க நல்லாத்தானே இருக்கோம்?" என்று பெரியவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாக் குழந்தைக்கும் இந்நோய் வருவதில்லை; உடல்வாகும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எந்தக் குழந்தைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே! எவர்சில்வர் பரவி, பித்தளை அடுப்படியை விட்டுப் போன பிறகு இந்நோய் மிக அரிதாகிவிட்டது.

ஆகவே, கணவனும் மனைவியும் சேர்ந்து கவனிக்க வேண்டியவை:

1. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர்கூட வேண்டாம்.

2. அதன்பின் குழந்தையின் பால், கஞ்சி, குடிநீர் எல்லாம் எவர்சில்வர் பாத்திரத்திலேயே. சீர் கொடுத்த பித்தளைச் சொம்பு பூஜைக்கு இருக்கட்டும்.

3. பிறந்த குழந்தையின் காமாலை 14 நாளுக்குமேல் நீடித்தாலும், மலம் சுண்ணாம்புபோல் வெளுத்தாலும் மந்திரிக்கவோ நாட்டு மருந்து கொடுக்கவோ நாளைக் கடத்தாதீர்கள். பித்தக் குழாய் அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் அறுவை செய்வதே நல்லது. கொரட்டூர் பகுதியினர் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கு உடனே செல்லலாம்.

தாயைக் குறை சொல்லாதீர்கள். பாத்திரத்தைப் பாருங்கள்!