தில்லிக் கோடைக்கு ஏற்ற செடிகள்

"மே மாதம் வந்தால் தொட்டியில் ஒரு செடியும் தங்குவதில்லை" என்பது தில்லித் தமிழர் பலரின் குறை. வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. 'லூ' என்னும் அனற்காற்று வீசுகிறது. குழாயிலும் தண்ணீர் குறைகிறது. ஆனாலும், தகுந்த செடியைத் தகுந்த பருவத்தில் நட்டால் அதிகப் பாடின்றித் தோட்டம் நிற்கும். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் அதுவே புகலிடமாகும்.

கோடைக்கான செடியைக் கோடையில் நடக்கூடாது; வேர் இறங்குமுன் மண் காய்ந்துவிடும். தில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் இறுதியில் தொடங்குகிறது. ஆகவே நம் ஆடிப்பட்டம் இங்கேயும் பொருந்தும். ஆடி, ஆவணியில் நட்ட கன்று அடுத்த கோடைக்குள் வேர் பிடித்துவிடும். தண்டவாளத்தைப் போலத்தான் செடியும்: அடித்தளம் உறுதியானால் பிறகு பழுது குறைவு.

நடத்தக்கவை நான்கு:

1. கறிவேப்பிலை: குளிரில் இலை உதிர்த்தாலும் மார்ச்சில் தளிர்க்கும். இலைமேல் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பட்டாம்பூச்சியின் இளம்புழு, வளர்ந்தால் பச்சையாகும். மருந்து அடிக்காதீர்கள். அந்த இலைதான் நம் ரசத்திலும் விழுகிறது! பழம் பழுத்தால் கொண்டைக்குருவி தேடி வரும்.

2. மருதாணி: வறட்சியைத் தாங்கும், வேலியாகவும் வளர்க்கலாம். பூவின் மணத்துக்குத் தேனீக்கள் கூடும்.

3. எருக்கு: தண்ணீர் அதிகம் கேட்காது. பிள்ளையாருக்குப் பூவும் கிடைக்கும். ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று இதில் முட்டையிடும். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

4. செம்பருத்தி: அடுக்கு வேண்டாம், ஒற்றைப் பூவே நல்லது, தேன்சிட்டு வரும். இதற்கு மட்டும் கோடையில் தினமும் தண்ணீர் தேவை.

உண்ணிச்செடியும் பட்டாம்பூச்சியை ஈர்க்கும். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்த செடி, தவிர்ப்பது நலம்.

வெயில் ஏறுமுன் வேர் நனைய ஊற்றுங்கள். உதிர்ந்த இலைகளை எரிக்காமல் வேரைச் சுற்றி 2 அங்குலம் பரப்பினால் ஈரம் காக்கும். ஓர் அகன்ற மண்சட்டியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்து, கொசு சேராதபடி தினமும் மாற்றுங்கள்.

வாடகை வீடானாலும், மாற்றலாகும் உத்தியோகமானாலும் தொட்டி நம்முடன் வரும். புழு கூடாகி, கூடு பட்டாம்பூச்சியாவதைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு, பால்கனியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி அதை நேரில் காட்டும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஒரு கைப்பிடி இலை.