ஒரு சேலையின் கணக்கு

தென்பாண்டி நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று சங்கரன்கோவில். அரனும் அரியும் வேறல்லர் என்பதை ஓருருவிற் காட்டும் சங்கரநாராயணர் திருக்கோயிலால் அவ்வூர் புகழ்பெற்றது. அதன் மற்றொரு சிறப்பு நெசவு. அங்குள்ள விசைத்தறிகளில் பருத்திச் சேலைகள் நெய்யப்படுகின்றன.

சேலையின் வரலாறு தறியில் தொடங்குவதன்று. பருத்தி விளைய நீரும் உரமும் வேண்டும். நூற்பாலைக்கும் தறிக்கும் மின்சாரம் வேண்டும். சாயப்பட்டறையினின்று கழிவுநீர் வெளியேறுகிறது. உடுத்துவோர் பன்முறை துவைக்கின்றனர். இறுதியில் சேலை கந்தையாகி மண்ணை அடைகிறது. இவ்வாறு ஒரு பொருள் தோன்றியது முதல் அழியும் வரை இயற்கையினின்று பெறுவதையும், இயற்கைக்குக் கழிவாகத் தருவதையும் கணக்கிடும் முறைக்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்று பெயர். இதற்குரிய பன்னாட்டுத் தரநெறியாகிய ஐ.எஸ்.ஓ. 14040, 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2006-இல் திருத்தம் பெற்றது.

இக்கணக்கிற்கு வேண்டிய செய்திகள் ஒருவரிடத்தே இல்லை. உழவர், ஆலையார், சாயமிடுவோர், நெசவாளர் ஆகியோரிடம் அவை சிதறிக் கிடக்கின்றன. ஒன்று திரட்டினாலும் அவை எளிதில் இணைவதில்லை. பஞ்சுப் பேல் ஒன்று இந்தியாவில் 170 கிலோகிராம். அமெரிக்காவிலோ ஏறத்தாழ 218 கிலோகிராம். நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதாகும். டெக்ஸ் என்பதோ 1000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதாகும். 40-ஆம் நம்பர் நூலே ஏறத்தாழ 15 டெக்ஸ் நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். டெக்ஸ் ஏற ஏற நூல் தடிக்கும். அளவின் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் மெல்லிய நூல் தடித்த நூலாகிவிடும் அன்றோ?

செய்தி கிடைக்காதபோது கணக்கிடுவோர் பிறநாட்டு எண்களைக் கடன் வாங்குகின்றனர். நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் ஆக்கினால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமிலவாயு வெளிப்படும். காற்றாலை சுழல்கையில் புகையே இல்லை. சுவிட்சர்லாந்து நாட்டின் மின்சாரமோ பெரும்பாலும் நீராலும் அணுவாலும் ஆவது. அந்நாட்டு எண்ணைச் சங்கரன்கோவில் தறிக்குப் பொருத்தினால் சேலைக்கு இல்லாத பெருமை சேரும். நிலக்கரியையே நம்பிய நாட்டின் எண்ணைப் பொருத்தினால், செய்யாத பழி நெசவாளர்மேல் விழும்.

இக்குறை நீங்க வழி உண்டு. ஒவ்வோர் எண்ணுடனும் அதன் அளவு, இடம், ஆண்டு, அளந்த முறை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஒரு பொருள் பல பெயர் பெற்றாலும் குறியெண் ஒன்றாய் இருத்தல் வேண்டும். கரியமிலவாயு எந்த மொழியில் எப்பெயர் பெறினும் அதன் சி.ஏ.எஸ். பதிவெண் 124-38-9 என்பதே. தொழில் இரகசியம் வெளியாகும் என்று அஞ்சும் ஆலைகள், பல ஆலைகளின் சராசரியை வெளியிடலாம். இத்தகைய குறிப்புகளை எழுதும் முறையை ஐ.எஸ்.ஓ. 2002-இல் வகுத்தது. பல நாடுகளின் தரவுத் தொகுப்புகளை இணைக்க ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் முயற்சியால் ‘கிளாட்’ என்னும் வலையமைப்பும் உருவாகியுள்ளது.

பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே எனக் காணும் அறிவு சங்கரன்கோவிலுக்குப் புதிதன்று. அவ்வறிவு கணக்கேட்டிலும் இடம்பெறுமானால், அவ்வூர்ச் சேலைக்கு உலகம் வழங்கும் தீர்ப்பு நேர்மையானதாக அமையும்.