ஏழு பேர்ச்சஸ் என்றால் எத்தனை அடி?

2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதையுண்டன. அதன் பின்னர், தோட்ட மக்களுக்குத் தனி வீடும் காணியும் வேண்டும் என்ற குரல் ஓங்கியது. தொடர்ந்து வந்த வீடமைப்பில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்ற அளவு பேசப்பட்டது. பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் நடந்த கூட்டத்தில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: "சாமி, ஏழு பேர்ச்சஸ்னா கயித்துல எத்தன அடி?" உடனே பதில் சொல்ல எமக்கு வரவில்லை. ஆகவே சேர்ந்தே கற்போம்.

ஒவ்வொரு பக்கமும் 16½ அடியான சதுரமே ஒரு பேர்ச். 16.5 × 16.5 = 272.25 சதுர அடி. பக்கத்தை அதே பக்கத்தால் பெருக்கினால் பரப்பளவு கிடைக்கிறது. பரப்பளவிலிருந்து பக்கத்துக்குத் திரும்பி வரும் வழியே வர்க்கமூலம்.

இங்கே ஒரு தவறு நேரலாம். பக்கத்தை இரட்டித்து 33 அடியாக்கினால் காணி இரண்டு பேர்ச்சஸ் ஆகாது. 33 × 33 = 1089 சதுர அடி; அதாவது நான்கு பேர்ச்சஸ்!

இனி நமது காணிக்கு வருவோம். 7 × 272.25 = 1905.75 சதுர அடி. பக்கம் 40 அடி என்று ஊகிப்போம். 1905.75ஐ 40ஆல் வகுத்தால் சுமார் 47.6 வரும். 40க்கும் 47.6க்கும் நடுவே 43.8. மீண்டும் 43.8ஆல் வகுத்தால் 43.5. இவ்விரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 43.65. ஆக, சதுரமான காணியின் பக்கம் சுமார் 43 அடி 8 அங்குலம்.

காணி சதுரமாகவே இருக்க வேண்டியதில்லை. 20 அடி அகலமானால் நீளம் 95 அடிக்குச் சற்றே கூடும். பரப்பளவு அதேதான், ஆனால் சதுரத்தைச் சுற்றி வேலியடைக்க 175 அடி போதும், இதற்கோ 230 அடிக்கு மேல் வேண்டும்.

ஊவாவின் மலைச்சரிவில் இன்னொன்றையும் கவனிப்போம். காணியின் பரப்பு மட்டமாகவே கணக்கிடப்படுகிறது. சரிவோடு கயிற்றைக் கிடத்தினால் அளவு கூடுதலாகக் காட்டும். கயிற்றை மட்டமாகப் பிடித்து, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும்.

குழுவில் செய்து பார்க்க:
1. நான்கு முளை அடித்து, 43 அடி 8 அங்குலத்தில் சதுரம் கட்டுங்கள். மூலைக்கு மூலை இரு பக்கமும் 61 அடி 9 அங்குலம் வருகிறதா?
2. பத்து பேர்ச்சஸ் சதுரத்தின் பக்கம் என்ன?

கையொப்பமிடுமுன் கயிற்றைக் கையில் எடுப்போம். அளக்கத் தெரிந்தவரிடம் அளவு குறையாது.