பீரோவுக்குப் பின்னால் இருக்கும் எக்ஸ்ரே

திருவொற்றியூர்,
ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பா,

பிரிட்டனில், லீட்ஸில் படிக்க உனக்கு இடம் கிடைத்ததைச் சொல்லும்போது உன் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "விசாவுக்கு எக்ஸ்ரே எடுப்பாங்களாமே அக்கா, பழைய விஷயத்தைச் சொல்லணுமா?" என்று கேட்டாள். போனில் சொன்னால் பாதிதான் காதில் நிற்கும் என்று எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் உனக்கு வந்த டிபிக்கு நம் வீட்டில் "பழைய விஷயம்" என்று பேர். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் "நெஞ்சுச் சளி" என்றோம். மாத்திரை போட்ட முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்து, ரத்தம் என்று பயந்து பாத்ரூமிலிருந்தே கத்தினாய். மருந்தின் நிறம்தான் அது என்று கதவுக்கு வெளியே நின்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம், ஒரு வேளை தவறாமல் போட்டு முடித்தாய். இத்தனை வருஷம் நர்ஸ் வேலை பார்த்ததில், பெரியவர்களே பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி இருமிக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். நீ செய்தது பெருமைப்பட வேண்டிய காரியம்.

உன் அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போய், நுரையீரலில் இருக்கும் குணமான பழைய தழும்புக்காக "அன்ஃபிட்" ஆகித் திரும்பியவர்கள் ராயபுரத்திலும் எண்ணூரிலும் எத்தனையோ பேர். பிரிட்டனின் விதி அப்படி இல்லை. நோய் இப்போது இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள், அந்த அரசு அங்கீகரித்த கிளினிக்கில் மட்டுமே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். படத்தில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் காலையில் சளி கொடுக்கச் சொல்வார்கள். அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம். கிருமி இல்லை என்றால் சான்றிதழ் கிடைக்கும். தழும்பு உள்ள நீ ஆகஸ்டில் போய் நின்றால் செப்டம்பர் வகுப்பு கையை விட்டுப் போய்விடும். மே மாதமே போ. சான்றிதழ் ஆறு மாதம் செல்லும்.

கிளினிக்கில் கேட்டால் இருந்ததை இருந்தபடி சொல். எந்த வருஷம், என்ன மாத்திரை, எங்கே முடித்தாய், எல்லாவற்றையும். சிகிச்சை அட்டை தொலைந்திருந்தால், மாத்திரை வாங்கிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். நிக்ஷய் என்கிற அரசு டிபி பதிவேட்டில் உன் பெயர் இருக்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் உன்னை ராயபுரத்தில் கணித மேதை ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அந்த மனிதர் 1914 மார்ச் 17 அன்று இதே துறைமுகத்தில் கப்பலேறி கேம்பிரிட்ஜ் போனார். 1917இல் படுத்தார். டிபி என்று சொல்லி சானடோரியம் சானடோரியமாக வைத்தார்கள். 1919இல் திரும்பி, அடுத்த வருஷம் ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் போய்ச் சேர்ந்தார். அவருடைய நோய்க்குறிகளை அலசிய டி. ஏ. பி. யங், அது டிபியாக இருக்காது, கல்லீரலில் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று 1994இல் எழுதினார். இங்கே இருந்தபோது ராமானுஜனுக்கு வந்த வயிற்றுக்கடுப்பு அதற்கு ஒரு தடயம். அந்தக் காலத்திலேயே அதற்கு வைத்தியம் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நம் உடம்பில் முன்பு நடந்தது அந்நிய ஊர் டாக்டருக்குத் தானாகத் தெரியாது பாப்பா.

அதே சேத்துப்பட்டில்தான் 1956இல் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை போட்டு டிபியைக் குணமாக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது அந்த மையம். நீ குணமானதும் அந்த வழியில்தான். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

லீட்ஸில் இறங்கிய வாரமே ஜிபி என்கிற குடும்ப டாக்டரிடம் பதிந்துகொள். விசாவோடு வருஷத்துக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டப் போகிறாய், உடம்பு சரியில்லாதபோது போகத் தயங்காதே. இந்தியாவிலிருந்து வந்தவள் என்று உடம்பில் மறைந்திருக்கும் டிபிக்கான ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், முன்பே வந்து முடித்ததைச் சொல்லிவிடு. உனக்கு அது பாசிட்டிவ் காட்டலாம். அதனால் மட்டும் நோய் திரும்பிவிட்டது என்று ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல் என்று எது வந்தாலும் குளிர்தான் காரணம் என்று விட்டுவிடாதே.

மற்றவை சின்ன வேலைகள். எம்எம்ஆர் தடுப்பூசி இரண்டு தவணை போட்டதற்குச் சீட்டு இருக்கிறதா பார். அரசு ஊசியில் பொன்னுக்குவீங்கிக்கு மருந்து கிடையாது. சீட்டு இல்லையென்றால் ஒரு மாத இடைவெளியில் இரண்டும் போட்டுக்கொள். மெனிஞ்சைடிஸ் ஊசியைப் பற்றியும் கேள். கடைவாய்ப் பல்லை இங்கேயே அடைத்துவிடு, அங்கே பல் வைத்தியம் கையைக் கடிக்கும். வீசிங் இன்ஹேலரைக் கைப்பையில் வை, மருந்துச் சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கு.

பழைய எக்ஸ்ரே உங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால், காலண்டர் சுருளோடு இருக்கிறது. நான்தான் அங்கே வைத்தேன். எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா. மீன் குழம்பு வைக்கிறேன், பழைய சிகிச்சை விவரத்தைத் தேதி வாரியாக ஒரு தாளில் எழுதி முடித்துவிடலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன் பெரியம்மா